தொட்டியில் நண்பன், கடலில் பகைவன்!

பொன் மீன் கொஞ்சம் அழுக்கைப் பொறுத்துக்கொள்ளும். கடல் மீன் பொறுக்காது.

கடல் மீன் வளர்க்க, கடற்கரையில் குடியிருக்க வேண்டும் என்பதில்லை. ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டு போன்ற உள்நாட்டு ஊரிலும் வளர்க்கலாம். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குச் சுமார் 35 கிராம் கடல் உப்புக் கலவை. கடல் தயார்! (சமையல் உப்பு உதவாது. கடல் நீரில் மக்னீஷியம், கால்ஷியம் எல்லாம் உண்டு.)

கடலை உண்டாக்குவது எளிது. கெடாமல் காப்பாற்றுவதுதான் கஷ்டம்.

மீன் தின்கிறது. கழிக்கிறது. அந்தக் கழிவு நைட்ரேட் ஆகவும் பாஸ்பேட் ஆகவும் மாறித் தண்ணீரில் தங்கிவிடுகிறது. வயலில் போடும் உரமும் இவைதானே? உரம் இருந்தால் களை முளைக்கும். கண்ணாடி, கல் எல்லாவற்றிலும் பாசி படர்ந்துவிடும்.

இதற்கு வழி என்ன? பாசியைப் பாசியாலேயே விரட்டுவது!

தனிக் குடித்தனம்

பெரிய தொட்டிக்குக் கீழே ஒரு சிறு தொட்டி. மேலிருந்து தண்ணீர் மெதுவாக இறங்கி வரும். பம்பு அதைத் திரும்ப மேலே ஏற்றும். கீழ்த் தொட்டியில் மீன் கிடையாது. அங்கே விளக்குப் போட்டு, வேண்டும் என்றே பாசி வளர்க்கிறார்கள். இதற்கு "ரெபூஜியம்" என்று பெயர். புகலிடம் என்று அர்த்தம்.

புகலிடம் யாருக்கு? கடுகிலும் சிறிய இறால் போன்ற பூச்சிகளுக்கு. மீனின் வாய்க்கு அகப்படாமல் அவை பாசிக்குள் பெருகி, பிறகு தண்ணீரோடு மேலே போய் மீனுக்கு இரையாகின்றன. "மாண்டரின்" என்ற வண்ண மீனுக்கு இந்தப் பூச்சிகள்தான் சாப்பாடு.

பாசியை வைத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்யலாம் என்பதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர், அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் நிலையத்தைச் சேர்ந்த வால்ட்டர் ஏடி. 1980-ல் அங்குள்ள கண்காட்சிச் சாலையில் உயிருள்ள ஒரு பவளத் திட்டையே அமைத்தார்.

ஒன்றை மறக்கக் கூடாது. பாசி அழுக்கைத் தின்றுவிட்டால் அழுக்கு ஒழிந்துவிடாது. அது பாசியின் உடம்பில் இருக்கிறது. அவ்வப்போது பாசியை வெட்டி வெளியே எடுத்தால்தான் அழுக்கும் வெளியேறும். எடுக்காமல் விட்டால் பாசி அழுகும்; தின்றதை எல்லாம் கக்கிவிடும்.

"காலர்ப்பா" என்ற பாசி இதில் பொல்லாதது. கொடிபோல ஓடி, இலைபோல விரிந்தாலும் அது முழுவதும் ஒரே ஓர் உயிரணு! இனப்பெருக்கக் காலம் வந்தால், உள்ளே உள்ளதை எல்லாம் ஒரே மூச்சில் தண்ணீரில் விட்டுவிட்டுச் செத்துப்போகும். மறுநாள் காலையில் தொட்டி பச்சைப் பாலாகக் கலங்கி இருக்கும். பிராணவாயு குறைந்து மீன்களும் சாகலாம். ஆகவே, பலர் "கீட்டோமார்ப்பா" வளர்க்கிறார்கள். பாத்திரம் தேய்க்கும் நார் போலச் சுருண்டு கிடக்கும். வேர் விட்டு ஒட்டாது. கையால் அள்ளி எடுத்துவிடலாம்.

பாசியோடு வேண்டாத விருந்தாளியும் வருவது உண்டு. "ஐப்டேசியா" என்ற சிறு கடல் சாமந்தி. பார்க்க அழகு. ஆனால் பக்கத்தில் உள்ள பவளத்தைக் கொட்டிக் கொல்லும். சுரண்டி எடுத்தால் தீர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஒட்டியிருக்கும் ஒவ்வொரு துணுக்கும் ஒரு புதுச் சாமந்தி ஆகும்! இதைத் தின்பதற்கென்றே ஒரு வகை இறாலை வாங்கி விடுகிறார்கள். மயிர்ப் புழுவைக் கண்டு பலர் பதறுகிறார்கள். அது பெரும்பாலும் அழுகலைத் தின்னும் தோட்டிதான். வெறுங்கையால் தொட்டால் முள் குத்தும், அவ்வளவே.

தப்பி ஓடிய கைதி

தொட்டிக்குள் இருக்கும் வரையில் பாசி வேலைக்காரன். வெளியே போனால்?

1984-ல், மத்தியதரைக் கடலில் மொனாக்கோ கடல் காட்சிச் சாலைக்கு அடியில் ஒரு திட்டுக் காலர்ப்பா காணப்பட்டது. தொட்டியில் வளர்ந்த ரகம். அப்போது அதன் அளவு சுமார் ஒரு சதுர மீட்டர். பிறகு அது ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் பரவிவிட்டது. 2000-ல் அதே ரகம் கலிபோர்னியாவில் ஒரு காயலில் தலைகாட்டியது. அமெரிக்கர்கள் தாமதிக்கவில்லை. தார்ப்பாய் போர்த்தி, உள்ளே குளோரின் செலுத்திக் கொன்றார்கள். ஒழிந்தது என்று அறிவிக்க 2006 வரை ஆயிற்று.

நம் மன்னார் வளைகுடாவிலும் இதைப் போல ஒன்று நடந்தது. பாசி வேறு, அது மீன் தொட்டியிலிருந்து வந்ததும் அல்ல. பிழைப்புக்காகப் பயிர் செய்தது.

பிலிப்பைன்ஸைச் சேர்ந்த அந்தப் பாசியின் பெயர் "கப்பாபைகஸ்". ஐஸ் கிரீமையும் பற்பசையையும் கெட்டியாக்கும் சரக்கு அதிலிருந்து கிடைக்கிறது. பெப்சி கம்பெனி இதைப் பயிராக்க முன்வந்ததால், ராமநாதபுரம் கரையில் "பெப்சி பாசி" என்றே பெயர். மூங்கில் தெப்பத்தில் துண்டு துண்டாகக் கட்டிவிட்டால் 45 நாளில் அறுவடை. காலம் காலமாக மூழ்கி மூழ்கிக் கஞ்சிப் பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் பறித்துவந்த மீனவப் பெண்களுக்கு, கரையோரத்திலேயே கிடைத்த வருமானம் இது. லேசாகச் சொல்லிவிடக் கூடியது அல்ல.

ஆனால், அறுந்த துண்டுகள் சும்மா இருக்குமா? பாம்பனை அடுத்த குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின் மேல் இந்தப் பாசி பாய் விரித்திருப்பதாக 2008-ல் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். பவளத்துக்கு வெளிச்சம் வேண்டும். மேலே பாசி மூடினால் அது வெளுத்துச் சாகும். கையால் பிய்த்து எடுக்கிறார்கள். விட்டுப்போன துண்டு மறுபடி தழைக்கிறது. ஐப்டேசியாவின் கதைதான்! தேசியக் கடல் பூங்காவான 21 தீவுகளில் ஒன்று குருசடை. அந்தப் பவளத்தில் குஞ்சு வளரும் மீனை நம்பித்தான் அதே பெண்களின் வீட்டு வலைகளும் இருக்கின்றன.

தொட்டி வைத்திருப்பவர்கள், வெட்டிய பாசியைக் கடற்கரையிலோ கழிமுகத்திலோ கொட்டக் கூடாது. சாக்கடையும் கடைசியில் அங்கேதான் போகிறது. வெயிலில் சருகாகக் காயவைத்து, பிறகு நல்ல தண்ணீரில் அலசி உப்பைப் போக்கினால் எருக்குழியில் போடலாம். புதிதாக வாங்கிய கல்லையும் பாசியையும் சில வாரங்கள் தனி வாளியில், உப்புத் தண்ணீரிலேயே வைத்துப் பார்த்த பிறகு தொட்டியில் இறக்குவது நல்லது. ஐப்டேசியா இருந்தால் அங்கேயே தலைகாட்டிவிடும்.