நூதனசாலையும் நாட்டு வரலாறும்

பழம்பொருளைக் காப்போர்க்குரிய அறம் எல்லா நாட்டிலும் ஒருபடித்தானதன்று. அவ்வந்நாட்டு வரலாறே அதனை வகுக்கின்றது. 1897ஆம் ஆண்டிலே பிரித்தானியப் படை, இன்று நைஜீரியாவிலுள்ள பெனின் நகரைக் கைப்பற்றி, அரண்மனையிலிருந்த பித்தளைச் சிற்பங்களைக் கவர்ந்தது. அவை ஐரோப்பிய நூதனசாலைகள் பலவற்றை அடைந்தன.

நாசிகள் யூதரிடம் பறித்த கலைப்பொருள்களின் வரலாற்றை ஆராய்ந்து பழகிய ஜேர்மனி, 2022இல் தன்னிடமிருந்த பெனின் சிற்பங்கள் பலவற்றின் உரிமையை நைஜீரியாவுக்கு அளித்தது. இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையையோ, அவ்வாறு அளித்தலினின்றும் 1963ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. நாசிகள் பறித்தவற்றைத் திருப்பியளித்தற்கு 2009இல் விலக்குச் செய்யப்பட்டது; தன் படை கவர்ந்தவற்றுக்கு அவ்விலக்கு இல்லை. பிறர் பிழையைக் காண்டல் எளிது. தன் பிழையைக் காண்டலே அரிது.

ஆதலின், கண்ணாடிப் பேழையின் முன் நிற்கும் மாணவன், ‘இது யாது?’ என்பதோடமையாது, ‘இஃது எவ்வாறு ஈண்டு வந்தது?’ எனவும் வினவுதல் வேண்டும்.