மார்த்தாண்ட வர்மா: ஒரு மௌனப் படத்தின் வரலாறு



கம்பத்திலிருந்து கூடலூர் வழியாகக் குமுளி மலைப்பாதையில் ஏறி நின்று மேற்கே நோக்கினால் அடர்ந்த கானகம் தெரியும். இன்று கேரளத்தைச் சேர்ந்த அந்நிலம் முன்னாளில் திருவிதாங்கூர் அரசுக்கு உரியதாயிருந்தது. நம் பள்ளத்தாக்கின் நெல்வயல்களுக்கு நீர் தரும் முல்லைப் பெரியாற்று அணைக்காக 1886ஆம் ஆண்டில் ஆங்கில அரசு உடன்படிக்கை செய்துகொண்டதும் அவ்வரசோடுதான். சிறிய நாடாயிருந்த அதனைப் பேரரசாக விரித்தவர், 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மர். 1741இல் குளச்சலில் டச்சுக்காரரைத் தோற்கடித்தவரும் அவரே. அம்மன்னரைக் கதைத்தலைவராகக் கொண்ட ஒரு மௌனப் படத்தையும், அதனை ஆக்கியோரையும், அதனால் எழுந்த வழக்கையும் பற்றி இன்று கூற எண்ணுகிறேன்.

மௌனப் படத்தில் நடிகர் வாயசைப்பர், ஒலி கேளாது. காட்சிகளுக்கு இடையே எழுத்துப் பலகைகள் தோன்றிக் கதையைச் சொல்லும். 1931இல் 'காளிதாஸ்' வெளிவந்து தமிழ்த்திரை பேசத் தொடங்கிவிட்டது. ஆயினும் 1933இல் வெளியான 'மார்த்தாண்ட வர்மா' மௌனப் படமாகவே அமைந்தது. ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் அதன் எழுத்துப் பலகைகள் இருந்தன.

படத்தை எடுத்தவர் நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ். நாகர்கோவில் அந்நாளில் திருவிதாங்கூரில் இருந்தது. 1956இல்தான் தமிழகத்தோடு இணைந்தது. மலையாளத்தின் முதற் படமாகிய 'விகதகுமாரன்' எடுத்த அகத்தீசுவரத்து ஜே. சி. டேனியல் இவருடைய உறவினர். சுந்தர்ராஜின் நிறுவனத்தின் பெயர் ஸ்ரீ ராஜேஸ்வரி பிலிம்ஸ். படத்தை இயக்கியவர் பி. வி. ராவ். ஜெயதேவ், ஏ. வி. பி. மேனன், பத்மினி, தேவகி முதலியோர் நடித்தனர். இந்தப் பத்மினி, பின்னாளில் நாட்டியத்தால் புகழ்பெற்ற பத்மினி அல்லர். அவர் பிறந்ததே 1932இல்தான். அந்நாளில் ஆண்ட மன்னர் ஸ்ரீ சித்திரைத் திருநாளின் ஆராட்டு ஊர்வலக் காட்சியும் படத்தில் சேர்க்கப்பட்டிருந்தது.

கதை, சி. வி. இராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட அதே பெயருடைய நாவல். மருமக்கள் வழி மரபின்படி அரசுரிமை மன்னரின் மருமகனுக்கே செல்லும். அவ்வாறு உரிமை பெற்ற இளவரசர் மார்த்தாண்ட வர்மரை ஒழிக்க, மன்னரின் மகனும் எட்டுவீட்டுப் பிள்ளைமாரும் செய்யும் சூழ்ச்சியே நாவலின் பொருள்.

உரிமை பற்றிய இக்கதைக்கு வெளியேயும் ஓர் உரிமைப் போர் மூண்டது. ஆசிரியர் 1922இல் காலமாகிவிட்டார். நூலின் பதிப்புரிமை திருவனந்தபுரத்துக் கமலாலய புக் டிப்போவிடம் இருந்தது. திருவனந்தபுரம் கேப்பிட்டல் அரங்கில் படம் திரையிடப்பட்டதும் பதிப்பகத்தார் வழக்குத் தொடுத்தனர். நீதிமன்றத்தின் முடிவு அவர்களுக்குச் சார்பாக அமையவே, படம் அரங்கிலிருந்து அகன்றது; படச்சுருளும் அவர்கள் கைக்குச் சென்றது. சுந்தர்ராஜுக்கு நேர்ந்தது பெரும் பொருளிழப்பு.

யார் பக்கம் நியாயம்? சில ஆண்டுகளுக்கு முன்வரை நான் தயங்காமல் சுந்தர்ராஜின் பக்கம் நின்றிருப்பேன். பணியிலிருந்த காலத்தில், பள்ளி ஆண்டுவிழாவுக்கு ஒரு நாவலை நானே நாடகமாக எழுதினேன். எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. அழைப்பிதழில் என் பெயர் மட்டும் அச்சாயிற்று. ஒரு மாணவி வந்து, "ஐயா, இந்தக் கதையை எழுதியவர் பெயரை ஏன் போடவில்லை?" என்று கேட்டாள். என்னிடம் விடை இல்லை. நல்ல நோக்கம் ஒன்றே உரிமை ஆகிவிடாது என்பதை அன்று ஒரு சிறுமியிடம் கற்றேன். நம் நாட்டில் இன்று நடைமுறையிலுள்ள 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூலாசிரியர் மறைந்த பின்னரும் 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நிலைக்கும்.

ஆயினும் காலம் வேறொரு தீர்ப்பையும் எழுதியது. வழக்கால் முடங்கிய படச்சுருள் பதிப்பகத்தாரிடமே பல்லாண்டு கிடந்தது. 1974இல் பூனாவிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதனைப் பெற்றுப் பாதுகாத்தது. இந்தியாவில் எடுக்கப்பட்ட மௌனப் படங்கள் 1,300க்கு மேற்பட்டவை; அவற்றுள் மிகப் பெரும்பாலானவை அழிந்தன. 'விகதகுமார'னின் சுருளும் இன்று இல்லை. எரியும் தன்மையுடைய படச்சுருள்கள் தீக்கு இரையாயின. வேறு பல அரங்கு அரங்காக ஓடித் தேய்ந்தன. ஓடாமல் நின்ற 'மார்த்தாண்ட வர்மா' தென்னிந்திய மௌனப் படங்களுள் எஞ்சிய அரிய சான்றாயிற்று. எந்த வழக்கு அதனை மக்களிடமிருந்து பிரித்ததோ, அதே வழக்கு அதனை அழிவிலிருந்தும் காத்தது.

ஆனால் படம் தப்பியது; ஆக்கியோரின் வாழ்க்கை முழுதும் தப்பவில்லை. திரையில் அசைகின்ற முகங்கள் பலவற்றின் வரலாறு நமக்கு எட்டாமற் போயிற்று. எழுதி வைப்பார் இல்லாததே அதற்குக் காரணம்.

ஆகவே, மாணவர்களே, அடுத்த ஆண்டுவிழாவில் நாடகம் போடும்போது முதலில் நூலுக்கு உரியவரிடம் அனுமதி கேளுங்கள். அழைப்பிதழின் முதற் பக்கத்தில் அந்நூலாசிரியரின் பெயரை அச்சிடுங்கள். கடைசிப் பக்கத்தில், திரை இழுத்த மாணவனின் பெயரையும் மறவாமல் சேருங்கள்.