லண்டன் இசைத்தட்டில் நம்மூர் உறுமி

லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் பிள்ளைப் பிராயத்தைக் கழித்து, யுத்தத்தின் நெருக்கடியால் 1986ஆம் ஆண்டு தாயாருடன் மீண்டும் லண்டனுக்கே போய்ச் சேர்ந்த மாதங்கி அருள்பிரகாசம் என்னும் தமிழ்ப் பெண்மணி, எம்.ஐ.ஏ. என்ற பெயரோடு ஹிப் ஹாப் உலகில் பிரவேசித்து, 2007ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ‘கலா’ என்று தம் தாயாரின் பெயரைச் சூட்டி வெளியிட்ட ஆல்பத்தைப் பற்றி மேல்நாட்டுப் பத்திரிகைகள் எழுதிக் குவித்தவை ஏராளம். அந்த ஆல்பத்தின் வீரியம் மிக்க பாட்டுகளில் ஒலிப்பது சென்னையில் பதிவான உறுமி மேளம் என்ற விஷயத்தை, ஆடிக் கிருத்திகையன்று திருத்தணிகை மலையடிவாரத்தில் மேளச் சப்தம் காதில் விழுந்த மாத்திரத்தில் காவடியோடு ஆடத் தொடங்கிவிடும் நம் ஜனங்களிடம் எடுத்துச் சொன்னவர்கள்தான் மிகக் குறைவு.

மலேசியாவிலிருந்து யோகி பி-யும் நட்சத்ரா குழுவினரும் 2006இல் ‘வல்லவன்’ ஆல்பத்தோடு வந்து சொல்லிசையைத் தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகளில் பரப்பிய கதையை வாசகர்கள் அறிவார்கள் என்பதனால் அதை இங்கே விரிக்கவில்லை. எனக்கு மனத்தைத் தைத்த விஷயம் வேறு.

எம்.ஐ.ஏ.யின் முதல் ஆல்பமான ‘அருளர்’ 2005இல் வெளியாயிற்று. அது தந்தையார் தமக்குச் சூட்டிக்கொண்டிருந்த பெயர். ரோலண்ட் கம்பெனியின் எம்.சி. 505 என்ற சிறிய தாளக் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு வீட்டிலேயே மெட்டுகளைக் கோத்துப் பார்த்து உருவாக்கிய அந்த ஆல்பம், பிரிட்டனில் கௌரவம் மிக்கதாகக் கருதப்படும் மெர்குரிப் பரிசின் இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது. அடுத்த ஆல்பத்தை அமெரிக்காவில், டிம்பலாண்ட் என்ற புகழ் பெற்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து தயாரிப்பதாகவே உத்தேசம் இருந்தது. ஆனால் 2006இல் அமெரிக்க விசா கிடைக்காமற்போகவே, ஒரே நகரத்தின் குளிரூட்டிய அறைக்குள் முடிந்திருக்க வேண்டிய காரியம் திரினிடாட், லைபீரியா, ஜமைக்கா, ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று தேசம் தேசமாக அலைந்து செய்யும் காரியமாக மாறிற்று. அந்தப் பிரயாணத்தில் சென்னையும் ஒரு முக்கியத் தங்குமிடம். ஏ.ஆர். ரகுமானின் ஸ்டூடியோவில் உறுமிக்காரர்கள் கூட்டமாக வாசித்ததை ஒலிப்பதிவு செய்துகொண்டு, அந்த ஒலியை வெட்டியும் ஒட்டியும் அடுக்கியும், ஸ்விட்ச் என்ற ஆங்கிலேயத் தயாரிப்பாளரின் துணையோடு ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ ஆகிய பாட்டுகளைச் சமைத்தார் அந்த அம்மையார். முன்னதில் மேளத்தினூடே குழந்தைகளின் கூச்சலும் சேவலின் கொக்கரிப்பும் கேட்கின்றன. பின்னதில் நம் மேளம் திரினிடாட் தீவின் திருவிழாத் தாளத்தோடு கைகோத்துக்கொண்டு ஓடுகிறது.

உறுமியை அருகிலிருந்து பார்த்திராதவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். இடை ஒடுங்கிய குடத்தின் இரு முகங்களிலும் தோல் போர்த்திய அந்த வாத்தியத்தில், ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மற்றொரு முகத்தை அடிப்பதில்லை, எண்ணெய்ப் பசை ஏற்றிய தோலின்மேல் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். அப்படித் தேய்க்கும்போது எழும் ஓசை, அழுகையா அதட்டலா என்று நிச்சயிக்க முடியாதபடி அடிவயிற்றைப் பற்றி இழுக்கிறது. தவிலில் இந்த இழுப்பு கிடையாது. தேய்ப்பின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துச் சுருதியையே வளைக்கும் இந்த வித்தையை, மின்சாரக் கருவிகளின் கீழ்ச்சுருதியில் மயங்கிக் கிடக்கும் ஹிப் ஹாப்காரர்கள் கேட்டதும் விட மாட்டார்கள் என்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் ஒரு பேதம் உண்டு. கருவியில் நான்கு ஆவர்த்தனம் பதிந்துவிட்டால் அதே நான்கு ஆவர்த்தனம் பாட்டு முடியும் வரையில் மயிரிழை பிசகாமல் சுற்றிச் சுற்றி வரும்; காவடிக்கு வாசிக்கிறவனோ ஆடுகிறவனுடைய காலையும் கண்ணையும் பார்த்து, அவனுக்கு ஆவேசம் ஏறுகிற இடத்தில் காலத்தைக் கூட்டி, தளர்கிற இடத்தில் பிடித்து நிறுத்தி, ஒரு தடவை வாசித்ததை மறு தடவை அப்படியே வாசிக்காமல் போய்க்கொண்டிருப்பான். ‘கலா’வில் அந்தச் சுதந்திரம் வெட்டுப்பட்டும் வேகம் குறையவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

திருத்தணிப் பக்கத்தில் உறுமியைவிடப் பம்பைக்கே செல்வாக்கு அதிகம். ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டிய இரட்டை மேளத்தை இடுப்பில் ஏந்திக்கொண்டு, பக்கத்தில் உடுக்கையும் சிலம்பும் ஒலிக்க, நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வரும் புஷ்பக் காவடிகளுக்கு முன்னே பம்பைக்காரர்கள் நடந்து வருவார்கள். காவடி எடுப்பவர் பேசுவது தெலுங்கு, மேளக்காரர் பேசுவது தமிழ், அல்லது இதற்கு நேர்மாறு. யாரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. எல்லைப் போராட்டம் நடந்து, 1960ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் தேதி ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்து சேர்ந்த இந்த ஊரில், மேளத்துக்கு மட்டும் எக்காலத்திலும் எல்லைக்கோடு கிடையாது.

அதனால்தானோ என்னவோ, ‘பேர்ட் ஃப்ளூ’ பாட்டின் ஜாதகத்தை ஆராய்ந்தபோது எனக்கு விசேஷ சந்தோஷம் உண்டாயிற்று. அதில் சென்னையில் பதிவான மேளத்தோடு, ‘ஜெயம்’ என்ற திரைப்படத்தில் வரும் திருவிழாப் பாட்டு ஒன்றின் துணுக்கும் கலந்திருக்கிறது. ‘ஜெயம்’ 2002இல் தெலுங்கில் வந்து, 2003இல் தமிழில் மறுபடியும் எடுக்கப்பட்ட படம், இசையமைத்த ஆர்.பி. பட்நாயக் தெலுங்குத் திரையுலகைச் சேர்ந்தவர். ஆக, தெலுங்கர் ஒருவர் தமிழ்ப் படத்துக்குப் போட்ட மெட்டு, ஈழத்துத் தமிழ்க் குடும்பத்துப் பெண்ணின் கைக்குப் போய், லண்டன் முத்திரையோடு உலகத்தைச் சுற்றி வந்திருக்கிறது. இந்தச் சங்கதியைப் புரிந்துகொள்ளத் திருத்தணிவாசிக்கு எந்த விளக்கவுரையும் வேண்டாம்.

ஆல்பத்துக்குக் கிடைத்த வரவேற்பு விசித்திரமானது. பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் அது 39ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. அமெரிக்காவிலோ 18ஆம் இடம் வரையில் ஏறிற்று. விசா கொடுக்கத் தயங்கிய தேசமே அதிகம் விரும்பிக் கேட்டது என்பது ஒரு வேடிக்கை. அவ்வாண்டின் தலைசிறந்த ஆல்பம் என்று ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை அதற்கு முதலிடம் கொடுத்தது. ‘பேப்பர் பிளேன்ஸ்’ என்ற பாட்டு மறு ஆண்டில் அமெரிக்கப் பட்டியலின் நான்காம் இடத்தை எட்டி, ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்திலும் புகுந்து, கிராமிப் பரிசுக்கான இறுதிப் பட்டியலையும் அடைந்தது. அதே படத்துக்காக ரகுமானும் எம்.ஐ.ஏ.யும் சேர்ந்து உருவாக்கிய ‘ஓ சாயா’ ஆஸ்கர் பரிசுக்கும் பிரேரிக்கப்பட்டது. ஆல்பம் வெளிவந்த 2007இலோ நம் நாட்டுத் தேநீர்க் கடைகளில் ‘சிவாஜி’ படப் பாட்டுகளே ஒலித்துக்கொண்டிருந்தன.

வெளிநாட்டு இசையும் தணிகையும் சந்திப்பது இது முதல் தடவையா என்றால், அல்ல. முத்துசுவாமி தீக்ஷிதர் காசியிலிருந்து திரும்பியபின் இந்த மலைக்கு வந்து தியானத்தில் அமர்ந்திருக்கையில், முருகனே முதியவர் வடிவில் வந்து அவர் வாயில் கற்கண்டை இட்டான் என்றும், அக்கணமே மாயாமாளவகௌளையில் அவருடைய முதல் கீர்த்தனை பிறந்தது என்றும் சங்கீத சம்பிரதாயம் சொல்கிறது. அதே தீக்ஷிதர் சென்னைக்கு அருகேயுள்ள மணலியில் வசித்த நாட்களில், கோட்டையில் கம்பெனிப் பட்டாளத்தின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டு, அந்த ஆங்கில மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நோட்டு ஸ்வர சாகித்தியம் என்று இன்றும் பாட்டு வகுப்புகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அவைதாம். இங்கிலாந்து ராஜாவைக் காக்கும்படி தெய்வத்தை வேண்டும் கீதத்தின் மெட்டுக்கூட அவற்றுள் உண்டு. 1775இல் பிறந்தவராகச் சொல்லப்படும் தீக்ஷிதர் ஆங்கிலேயனுடைய மெட்டை எடுத்து அம்பிகையின்மேல் ஏற்றினார். சரியாக 200 ஆண்டுகள் கழித்து, 1975இல் பிறந்த எம்.ஐ.ஏ. நம் மேளத்தை எடுத்து ஆங்கிலத்தின்மேல் ஏற்றினார். கொடுக்கல் வாங்கல் நேராயிற்று என்று கணக்கை மூடிவிடலாமா?

(இந்த இடத்தில், அருணகிரிநாதர் அன்றே ராப் பாடினார் என்று யாராவது எழுந்து சொல்வார்கள். படித் திருவிழாவில் 365 படிகளுக்கும் பூஜை செய்து அவருடைய திருப்புகழைப் பாடிக்கொண்டு ஏறுகிறவர்களின் நடுவே நின்று அந்தச் சந்த வேகத்தைக் கேட்டவர்களுக்கு இந்த ஒப்புமையில் ருசி இராது. ஆங்கிலப் புத்தாண்டன்று வெள்ளைக்காரத் துரைகளின் வாசலில் மாலையும் பழமுமாகப் போய் நின்ற ஜனங்களை, டிசம்பர் 31 இரவே மலைக்கு அழைத்து, முதலில் தணிகைத் துரையைக் காணுங்கள் என்று திருப்பிவிட வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் ஏற்படுத்தியது அந்த விழா. அதற்கு ஹிப் ஹாப்பின் நற்சாட்சிப் பத்திரம் தேவையில்லை.)

கணக்கை மூட முடியாது என்பதே என் அபிப்பிராயம். தீக்ஷிதர் எடுத்துக்கொண்டது அச்சேறிய, ஸ்வரக் குறிப்பு எழுதிவைக்கப்பட்ட, ஒரு சாம்ராஜ்யமே காவல் நின்ற சங்கீதம். அவர் எடுத்ததனால் அந்தப் பாண்டுக்காரர்களுக்குச் சம்பளம் குறையவில்லை, அவர்களுடைய பிள்ளைகள் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு வேறு வேலை தேடவும் இல்லை. மேளக்காரன் கதை அப்படியல்ல. ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டில், க்ளாஷ் என்ற பழைய ஆங்கிலக் குழுவின் பாட்டுத் துண்டு ஒன்று கலந்திருப்பதால், அக்குழுவினர் நால்வரின் பெயர்களும் பாட்டை இயற்றியவர்கள் வரிசையிலே சேர்ந்து நிற்கின்றன, அதுவே நியாயம். ‘ஜெயம்’ பாட்டுக்கும் உடையவர் உண்டு, அவர் பெயரைச் சொல்ல ஒரு பத்திரம் உண்டு. கோயில் வாசலில் தகப்பன் வாசித்ததைப் பார்த்துப் பார்த்து மகன் வாசிக்கும் உறுமி அடிக்கு எழுதிய ஸ்வரமும் இல்லை, பதிவு செய்த மெட்டும் இல்லை. ஆகையால் அது காற்றைப்போலப் பொதுவானது என்று உலகம் தீர்மானித்துவிடுகிறது. விமரிசகர்களும் ‘இந்திய மேளங்கள்’ என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டு மேலே போய்விடுகிறார்கள். தமிழ் மேளம் கடல் கடந்து ஒலித்ததே பெருமைதானே, பெயர் எதற்கு என்று கேட்போரும் உண்டு, பெருமைதான், மறுக்கவில்லை.

சட்டம் இதைக் கவனிக்காமலும் இல்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில், வாசிப்பவனுக்கும் பாடுபவனுக்கும் தனி உரிமை உண்டு என்ற விதி 1994இல் சேர்ந்தது. 2012இல் செய்த திருத்தம் அதை வலுப்படுத்தி, தன் வாசிப்புக்கு உரியவன் தானே என்று சொல்லிக்கொள்ளும் உரிமையையும் கலைஞனுக்கு வழங்கியது. ஆனால் ஒரு நாள் கூலிக்குப் பேசி முடித்து, விடியற்காலை முதல் காவடிக்கு முன்னே நடந்து, மாலையில் பஸ் ஏறிப் போகிற பம்பைக்காரனிடம் அந்தச் சட்டப் புத்தகத்தைக் காட்டி என்ன பிரயோஜனம்? அவனுடைய கவலையெல்லாம், சென்ற வருஷம் தன்னை அழைத்த ஊர் இவ்வருஷம் கேரளத்துச் செண்டை மேளத்தை அழைத்துவிட்டதே என்பதும், அதையும் விட்டு லாரியில் ஒலிபெருக்கிகளை அடுக்கி நிறுத்தினால் போதும் என்று இளைஞர் சங்கத்தார் முடிவு செய்துவிடுவார்களோ என்பதும்தான். அந்த ஒலிபெருக்கியில் ஓடுவதும் பல சமயம் யாரோ ஒரு பம்பைக்காரனுடைய அடிதான். பதிவு செய்த அடிக்குச் சோறும் வேண்டாம், பஸ் சார்ஜும் வேண்டாம். மலேசியாவில் பத்துமலைத் தைப்பூசத்துக்காகத் தமிழ் இளைஞர்கள் தாமாகவே உறுமி மேளக் குழுக்கள் அமைத்து, குழுவின் பெயரைச் சட்டையில் அச்சிட்டுக்கொண்டு, போட்டி போட்டு வாசிக்கிறார்கள். இங்கே பெற்ற பிள்ளையை மேளத்தின் பக்கமே வராதே என்று விரட்டுகிற தகப்பன்மாரே அதிகம். சாதியின் இழிவு ஒட்டிய தொழில் என்று அவர்களுக்குப் பட்ட புண் இன்னும் ஆறவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.

இன்று ‘கலா’வைப்போல ஒலிப்பதிவு செய்ய ஸ்டூடியோவோ லண்டனோ தேவையில்லை. ஆடிக் கிருத்திகையில் சரவணப் பொய்கைக் கரையில் நின்றால், ஒவ்வொரு பம்பைக்காரனைச் சுற்றியும் பத்துக் கைப்பேசிகள் நீண்டிருப்பதைக் காணலாம். அன்றிரவே அந்த அடி யாருடைய பெயரிலோ உலாவத் தொடங்கி, மறு வாரம் எவரோ போட்ட பாட்டுக்குத் தாளமாகவும் ஆகிவிடுகிறது. மேளக் குழுக்கள் பல, பம்பையின் பித்தளைக் குடத்தின்மேலேயே தங்கள் ஊரையும் குழுவின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் வர்ணத்தால் எழுதி வைத்திருக்கின்றன. படம் பிடிக்கிறவருடைய படத்தில் அந்த எழுத்து விழாமலிருக்க வழியில்லை. ஒலியை மட்டும் வெட்டி எடுக்கும்போதுதான் அது உதிர்ந்துவிடுகிறது. குடத்தின்மேல் உள்ள அந்தப் பெயரைப் பார்த்துப் பாட்டின் கீழே ஒரு வரி எழுத எந்த வழக்கறிஞரும் வேண்டாம், அரை நிமிஷம் போதும்.