ஏழு ஒலிம்பிக் கண்ட துடுப்பு ராணியைத் தெரியுமா?

ஓட்டக்காரருக்கு எல்லைக்கோடு கண்ணெதிரே தெரியும். நீச்சல்காரர் கையை நீட்டிச் சுவரைத் தொட்டுவிடலாம். ஆனால் எல்லைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, பின்பக்கமாகவே 2,000 மீட்டர் பாய்ந்து தங்கம் வெல்கிறவர்களைத் தெரியுமா? துடுப்புப் படகு வீரர்கள்தான்! அவர்களிலும் தனியாள் படகில் போகிறவர் பாடு பெரும்பாடு. இரண்டு கையிலும் இரண்டு துடுப்பு, திசை சொல்ல ஆள் கிடையாது, மூச்சு வாங்கினால் பங்குபோட்டுக்கொள்ளத் தோழியும் கிடையாது. படகின் எடையோ வெறும் 14 கிலோதான். கொஞ்சம் அசந்தால் கவிழ்த்துவிடும்!

இந்த விளையாட்டில் பல ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்தவர் எகாதெரினா கார்ஸ்தன். நாடு பெலாரஸ். கடலே இல்லாத நாடு!

1972-ல் பிறந்த இவர், முதல் ஒலிம்பிக் பதக்கத்தைத் தன் நாட்டுக் கொடியின் கீழ் வாங்கவில்லை, தெரியுமா? 1992 பார்சிலோனா. சோவியத் யூனியன் உடைந்து சில மாதங்களே ஆகியிருந்தன. உடைந்த துண்டுகளில் பெரும்பாலானவை ‘ஒருங்கிணைந்த அணி’ என்ற பெயரில் கூட்டாக வந்தன. நால்வர் படகில் ஒருவராக, 20 வயதில் வெண்கலம் வாங்கினார் எகாதெரினா. அப்போது அவர் பெயர் ஹோதோதோவிச். பின்னால் ஜெர்மானியர் ஒருவரை மணந்து கார்ஸ்தன் ஆனார். பழைய முடிவுப் பட்டியல்களைப் புரட்டினால் இரண்டு வேறு வீராங்கனைகள் என்றே நினைக்கத் தோன்றும்!

அடுத்து 1996 அட்லாண்டா. இந்த முறை நால்வர் இல்லை, தனியாள். கனடாவின் புகழ்பெற்ற சில்கன் லாமனைப் பின்னுக்குத் தள்ளித் தங்கம்! சுதந்திர பெலாரஸ் வாங்கிய முதல் ஒலிம்பிக் தங்கம் அதுதான். அந்த ஒலிம்பிக்கில் அந்த நாட்டுக்குக் கிடைத்த ஒரே தங்கமும் அதுதான்!

இதெல்லாம் இருக்கட்டும். 2000 சிட்னியில் நடந்தது தெரியுமா?

தனியாள் இறுதிப் போட்டி. கார்ஸ்தனும் பல்கேரியாவின் ருமியானா நெய்கோவாவும் ஒட்டிப் பிறந்தவர்கள்போல் எல்லைக்கோட்டைக் கடந்தார்கள். யார் முந்தினார்? கரையில் இருந்தவர்களுக்குப் புரியவில்லை. முதுகைக் காட்டி வந்த இவர்களுக்கு மட்டும் எப்படிப் புரியும்? நடுவர்கள் புகைப்படத்தை எடுத்துவைத்துக்கொண்டு உற்று உற்றுப் பார்த்தார்கள். ஒருவழியாக முடிவு வந்தது: கார்ஸ்தன்! வித்தியாசம் ஒரு நொடியில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு!

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2,000 மீட்டரை அவர்கள் கடந்தது சுமார் ஏழரை நிமிடத்தில். அந்த வேகத்தில் நூறில் ஒரு நொடிக்குப் படகு நகரும் தூரம் ஐந்து சென்டிமீட்டர்கூட வராது. பந்தயப் படகின் கூர்மூக்கில் ஒரு சின்ன ரப்பர் பந்து மாட்டியிருப்பார்கள். மோதினால் யாரையும் குத்திவிடாமலிருக்க. அதன் குறுக்களவு குறைந்தது நான்கு சென்டிமீட்டர் இருக்கவேண்டும் என்பது விதி. ஆக, இரண்டு கிலோமீட்டர் உயிரைக் கொடுத்துத் துடுப்புப் போட்டதில் தங்கத்தையும் வெள்ளியையும் பிரித்தது ஒரு எலுமிச்சம்பழ அளவுகூட இல்லாத அந்தப் பந்தின் அகலம்!

நெய்கோவா சும்மா இருந்தாரா? அதுதான் இல்லை! 2004 ஏதென்ஸில் இருவரும் மறுபடி மேடையேறினார்கள். கார்ஸ்தனுக்கு வெள்ளி, நெய்கோவாவுக்கு வெண்கலம். தங்கத்தை ஜெர்மனிக்காரர் தட்டிக்கொண்டு போனார். 2008 பெய்ஜிங்கிலும் இருவரும் மேடையில்! இம்முறை நெய்கோவா தங்கம், கார்ஸ்தன் வெண்கலம். எட்டு ஆண்டு கழித்துக் கணக்கு நேரானது. அடுத்தடுத்து மூன்று ஒலிம்பிக் மேடைகளில் அதே இரண்டு முகங்கள் என்பது, என்னைக் கேட்டால், சிட்னித் தங்கத்தைவிடப் பெரிய அதிசயம்.

நடுவே உலகப் பட்டங்களும் குவிந்தன. தனியாள் பிரிவில் 1997, 1999, 2005, 2006, 2007, 2009 என ஆறு முறை உலகச் சாம்பியன்! அதில் கடைசிப் பட்டம் வாங்கியபோது வயது 37. பெய்ஜிங்கோடு முடிந்தது என்று நினைத்தவர்கள் வாயடைத்துப்போன ஆண்டு அது. 40 வயதில் லண்டன் ஒலிம்பிக்கிலும் இறுதிப் போட்டிவரை போனார்.

அப்போதாவது துடுப்பைக் கீழே வைத்தாரா? வைக்கவில்லை! 2016-ல் 44 வயதில் ரியோவுக்கும் போனார். ஏழாவது ஒலிம்பிக்! இம்முறை பதக்கம் இல்லை. அங்கே தனியாள் தங்கத்தை வென்ற ஆஸ்திரேலியாவின் கிம் பிரென்னன் பிறந்தது 1985-ல். கார்ஸ்தன் பார்சிலோனாவில் முதல் பதக்கம் வாங்கியபோது அவருக்கு ஏழு வயதுகூட நிறைந்திருக்கவில்லை!