மலாக்காவுக்கு ஒருநாள் போதுமா? டூர் பஸ் காட்டாத இடங்களும் இருக்கு!

மலேசியா டூர் பேக்கேஜ் எதையாவது எடுத்துப் பாருங்கள். ட்வின் டவர், பத்து மலை, ஜென்டிங்... பட்டியலின் கடைசியில் 'மலாக்கா - ஒருநாள் சுற்றுலா' என்று ஒரு வரி இருக்கும். காலையில் கோலாலம்பூரில் பஸ் ஏறினால், சிவப்புக் கட்டடத்துக்கு முன்னால் ஒரு செல்ஃபி, கோட்டை வாசலில் இன்னொரு செல்ஃபி, ஒரு கிண்ணம் செண்டோல். சாயங்காலம் திரும்பிவிடலாம். 'மலாக்கா பாத்தாச்சு' என்று டிக் அடித்துவிடுவோம்.

ஆனா, அந்த மூணு, நாலு மணி நேரத்தில் நீங்கள் பார்ப்பதெல்லாம் இந்த ஊரைச் சண்டை போட்டுப் பிடித்தவர்கள் விட்டுவிட்டுப் போன கட்டடங்கள்தான். இங்கே வந்து, பிடித்துப்போய், தங்கிவிட்டவர்களின் தெருக்களும் கோயில்களும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன. அப்படித் தங்கிவிட்டவர்களில் நம் ஊரிலிருந்து போனவர்களும் உண்டு. அதனால்தான் சொல்கிறோம், மலாக்காவுக்குப் போனால் ஒரு ராத்திரியாவது தங்குங்கள்.

காற்றுக்காகக் காத்திருந்த ஊர்

கி.பி. 1400 வாக்கில் பரமேஸ்வரா என்ற இளவரசர் உருவாக்கிய ஊர் இது. சுமத்ராவின் பலெம்பாங்கைச் சேர்ந்தவர். அவர் ஒரு மரத்தடியில் ஓய்வெடுத்தபோது, ஒரு சருகுமான் அவருடைய வேட்டைநாயை எட்டி உதைத்து ஆற்றில் தள்ளியதாம். 'இவ்வளவு சின்ன மானுக்கே இந்தத் தைரியம் என்றால், இது நல்ல மண்' என்று அங்கேயே ஊர் அமைத்து, அந்த மரத்தின் பெயரையே வைத்ததாகக் கதை. அது என்ன மரம் தெரியுமா? நம்ம நெல்லிமரம்! மலாய் மொழியில் நெல்லிக்குப் பெயர் மலாக்கா.

கதையை விடுங்கள். ஊர் வளர்ந்ததற்கு உண்மையான காரணம் காற்று. பாய்மரக் கப்பல் காலத்தில் இந்தியாவிலிருந்தும் அரேபியாவிலிருந்தும் கப்பல்களைக் கிழக்கே தள்ளிக்கொண்டுவர ஒரு பருவக்காற்று வேண்டும். சீனாவிலிருந்து கப்பல்கள் வர அதற்கு நேரெதிரான பருவக்காற்று வேண்டும். இரண்டும் சந்திக்கிற குறுகலான ஜலசந்தியின் கரையில் இருக்கிறது மலாக்கா. வந்தவர்கள் சரக்கை இறக்கிவிட்டு, காற்று திசை மாறும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருந்தவர்களில் பலர் உள்ளூர்ப் பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே குடும்பமாகிவிட்டார்கள்.

போர்ச்சுகீசியர் பிடித்த பிறகு இங்கே வந்து தங்கிய தோமே பிரெஸ் என்பவர், இந்தத் துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதிவைத்திருக்கிறார். சுல்தான்கள் காலத்தில் துறைமுக அதிகாரிகளே நான்கு பேர். குஜராத்திகளுக்கு ஒருவர், சீனர்களுக்கு ஒருவர், ஜாவா பக்கத்துக்காரர்களுக்கு ஒருவர், சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்களுக்கு ஒருவர் எனப் பிரித்துக் கவனித்தார்கள். இந்த ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கிட்டு நடந்தீங்கன்னா, ஊர் தானாகப் புரிய ஆரம்பிக்கும்.

முதல்நாள் மதியம்: பிடித்தவர்களின் மலாக்கா

டச்சு சதுக்கத்திலிருந்தே தொடங்குங்கள். 1511-ல் போர்ச்சுகீசியர், 1641-ல் டச்சுக்காரர்கள், பிறகு பிரிட்டிஷார் என்று கைமாறிய ஊர் இது. சதுக்கத்தில் இருக்கும் 'ஸ்டாட்ஹவுஸ்' 1650 வாக்கில் டச்சு ஆளுநருக்காகக் கட்டப்பட்டது. இப்போது மியூசியம். பக்கத்தில் இருக்கும் கிறைஸ்ட் சர்ச் 1753-ல் கட்டி முடிக்கப்பட்டது. போட்டோக்களில் பளிச்சென்று தெரியும் அந்தச் சிவப்பு டச்சுக்காரர்கள் அடித்தது என்று நினைப்போம். இல்லை, அது பிரிட்டிஷ் காலத்தில் வந்த பெயின்ட்.

அங்கிருந்து படியேறினால் செயின்ட் பால் குன்று. உச்சியில் கூரையில்லாமல் நிற்கும் தேவாலயம் 1521-ல் போர்ச்சுகீசியர் கட்டியது. நம்ம தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய புனித சவேரியார், இங்கேயும் தங்கிப் பணியாற்றியிருக்கிறார். சீனக் கடற்கரையில் 1552-ல் அவர் இறந்தபோது, உடலை இங்கே கொண்டுவந்து சில மாதங்கள் அடக்கம் செய்திருந்தார்கள். அதன் பிறகுதான் கோவாவுக்குப் போனது. அந்தக் குழி இன்னும் கம்பிவேலிக்குள் இருக்கிறது. சுவரோரம் சாய்த்துவைத்திருக்கும் பெரிய கல் பலகைகள் டச்சுக்காரர்களின் கல்லறைக் கற்கள்.

குன்றின் மறுபக்கம் இறங்கினால் 'அ ஃபமோசா' கோட்டையின் மிச்சம். ஒரே ஒரு வாசல்தான் இருக்கிறது. 1807-ல் பிரிட்டிஷார் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். பின்னாளில் சிங்கப்பூரை உருவாக்கிய ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் தலையிட்டதால் இந்த வாசல் தப்பியது. 'கடற்கரைக் கோட்டைன்னாங்க, கடலைக் காணோமே?' என்று தோன்றும். கடலைத் தூர்த்துத்தான் எதிரே இருக்கும் ஷாப்பிங் மால்களையெல்லாம் கட்டியிருக்கிறார்கள்.

சாயங்காலம்: பாலத்தைத் தாண்டுங்கள்

டூர் பஸ் கிளம்பும் நேரத்தில் நீங்கள் ஆற்றுப் பாலத்தைத் தாண்டுங்கள். எதிரே ஜோங்கர் ஸ்ட்ரீட். வெள்ளி, சனி, ஞாயிறு ராத்திரிகளில் தெரு முழுக்கச் சந்தை. கூட்டம் நம்ம ரங்கநாதன் தெரு மாதிரிதான்.

ஜோங்கருக்கு இணையாக ஓடும் ஹீரன் ஸ்ட்ரீட் அமைதியானது. இப்போதைய பெயர் ஜாலான் துன் தான் செங் லோக். வீடுகளின் முகப்பு குறுகலாக இருக்கும். உள்ளே போனால் முற்றம், கூடம், இன்னொரு முற்றம் என்று போய்க்கொண்டே இருக்கும். காரைக்குடி வீடுகளைப் பார்த்தவர்களுக்கு முற்றத்து வெளிச்சம் பழகியதாகத் தெரியும். சீன வணிகர்கள் இங்கேயே குடும்பமானதில் உருவான சமூகம் பாபா நோன்யா. ஆண்கள் பாபா, பெண்கள் நோன்யா. அப்படி ஒரு குடும்பத்தின் வீட்டையே பாபா நோன்யா ஹெரிடேஜ் மியூசியமாக வைத்திருக்கிறார்கள். வழிகாட்டியுடன் சுற்றிப் பார்த்தால்தான் ஒவ்வொரு அறைக்கும் பின்னால் இருக்கும் கதை தெரியும்.

மறுநாள் காலை: ஒரே தெருவில் மூன்று கும்பிடு

வெயில் ஏறும் முன் ஜாலான் துக்காங் இமாஸுக்கு வாருங்கள். பெயருக்கு அர்த்தம் பொற்கொல்லர் தெரு. இங்கே இருக்கிறது பொய்யாத விநாயகர் கோயில். 1781-ல் கட்டப்பட்டது. டச்சு அரசு தெய்வநாயகம் செட்டியிடம் கொடுத்த நிலம். மலேசியாவில் இன்றும் வழிபாடு நடக்கும் மிகப் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று.

சில அடி தூரத்தில் கம்போங் கிளிங் பள்ளிவாசல். 1748-ல் மரத்தால் கட்டி, 1872-ல் செங்கல்லால் மாற்றியிருக்கிறார்கள். குவிமாடம் கிடையாது. அடுக்கடுக்கான பிரமிட் கூரை, பகோடா மாதிரி மினார், உள்ளே ஐரோப்பியத் தூண்கள். இன்னும் கொஞ்சம் நடந்தால் 17-ம் நூற்றாண்டின் செங் ஹூன் தெங் சீனக் கோயில். மூன்றையும் பார்க்க ஒன்றரை மணி நேரம் போதும்.

ஒரு எச்சரிக்கை. 'கிளிங்' என்பது கலிங்கத்திலிருந்து வந்த பழைய சொல். அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்தவர்களை, முக்கியமாகத் தமிழர்களை, அப்படித்தான் குறித்தார்கள். பள்ளிவாசலின் பெயரில் அது நிலைத்துவிட்டது. ஆனால், இன்று ஒரு மனிதரை அப்படிக் கூப்பிட்டால் அது வசை. விளையாட்டாகக்கூட வாயில் வரக் கூடாது.

தமிழ் பேசாத நம்மவர்கள்

இந்தப் பயணத்தில் தவறவே விடக் கூடாத இடம், டூர் பஸ் போகாத கம்போங் செட்டி. காஜா பெராங் பகுதியில் இருக்கிறது. டச்சு சதுக்கத்திலிருந்து டாக்ஸியில் சீக்கிரமே போய்விடலாம்.

செட்டி என்றதும் வட்டித்தொழில் செய்ய 19-ம் நூற்றாண்டில் வந்த நகரத்தார் நினைவுக்கு வருவார்கள். இவர்கள் வேறு. சுல்தான்கள் காலத்திலேயே சோழமண்டலக் கரையிலிருந்து வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்த வணிகர்களின் வாரிசுகள். அந்தக் காலத்தில் தமிழ் வணிகர்களின் செல்வாக்கு சாதாரணமானது இல்லை. நைனா சாத்து என்ற வணிகரை, ஊரைப் பிடித்த போர்ச்சுகீசியரே 'பெண்டஹாரா' என்ற உயர்பதவியில் வைத்தார்கள். பிறகு வணிகம் ஐரோப்பியர் கைக்குப் போனதும், செட்டிகள் மெல்ல நகரின் ஓரத்துக்கு நகர்ந்து, விவசாயத்துக்கும் நகை வேலைக்கும் மாறினார்கள்.

வீட்டில் அவர்கள் பேசுவது மலாய். பாட்டிகள் கட்டுவது சாரோங், கெபாயா. ஆனால், தெருவில் 1822-ல் கட்டிய முத்துமாரியம்மன் கோயில் இருக்கிறது. போகி அன்று முன்னோருக்கு வாழையிலையில் படையல் போடுகிறார்கள். அந்த வழிபாட்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பார்ச்சு பொங்கல்'. மொழி போயிருக்கலாம், பொங்கல் போகவில்லை!

அவர்களுடைய கதையைச் சொல்லும் சின்ன மியூசியம் ஒன்றும் இங்கே உண்டு. வேலைக்காகப் பலர் வெளியூர்களுக்குப் போய்விட, கம்போங்கில் சில குடும்பங்களே மிஞ்சியிருக்கின்றன. சுற்றிலும் உயரமான கட்டடங்கள் எழுந்துவிட்டன. அதனால் இங்கே போவது வெறும் வேடிக்கை பார்க்க வேண்டாம். மியூசியத்துக்குள் போங்கள், கோயிலில் ஒரு கற்பூரம் ஏற்றுங்கள், வீடுகளைப் படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். 'தமிழ் தெரியலையா?' என்று ஆச்சர்யப்படுவதைவிட, 'போகிக்கு என்னென்ன சமைப்பீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு நீளும்.

சாப்பாடு எப்படி?

செண்டோலைத் தவறவிடாதீர்கள். துருவிய ஐஸ், தேங்காய்ப்பால், பச்சை நிற அரிசிமாவுச் சேவை, மேலே 'குலா மலாக்கா' பாகு. குலா மலாக்கா என்பது தென்னங்கருப்பட்டி. அசைவர்களுக்கு சிக்கன் ரைஸ் பால், நோன்யா லக்சா. சைவர்கள் கொஞ்சம் ஜாக்கிரதை. காய்கறிக் குழம்பு என்று கொடுப்பதில்கூட 'பெலாச்சான்' என்ற இறால் விழுது இருக்கலாம். ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கிளம்பும் முன் கவனிக்க...

* கோலாலம்பூரின் டி.பி.எஸ் பஸ் நிலையத்திலிருந்து மலாக்கா சென்ட்ரலுக்குச் சுமார் இரண்டு மணி நேரம். அங்கிருந்து பழைய நகரத்துக்கு டவுன் பஸ் அல்லது டாக்ஸி பிடிக்க வேண்டும்.

* வெள்ளி மதியம் வந்து சனி மாலை கிளம்பினால், ராத்திரிச் சந்தையும் கிடைக்கும், காலை அமைதியும் கிடைக்கும்.

* மியூசியங்களுக்கு வார விடுமுறை உண்டு. முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

* ஊரின் மையம் நடந்தே சுற்றக்கூடியது. குடையும் தண்ணீர் பாட்டிலும் கட்டாயம். எப்போது வேண்டுமானாலும் மழை கொட்டும்.

* பூவும் பொம்மையுமாகப் பாட்டு அலற வரும் சைக்கிள் ரிக்‌ஷாவில் குழந்தைகளை ஏற்றுங்கள், குஷியாகிவிடுவார்கள். ஏறும் முன் கட்டணத்தைப் பேசிவிடுங்கள்.

மலாக்காவும் பினாங்கின் ஜார்ஜ் டவுனும் சேர்ந்து 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யப் பட்டியலில் இடம்பிடித்தன. அதில் கோட்டைக்கும் சர்ச்சுக்கும் பங்கு உண்டு. ஆனால், வந்தவர்கள் தங்கி, கலந்து, கும்பிட்டு, சமைத்து உருவாக்கிய வாழ்க்கைக்கு அதைவிடப் பெரிய பங்கு. அடுத்த முறை டூர் ஏஜென்ட் 'மலாக்கா, ஒன் டே போதும் சார்' என்றால், 'ஒரு நைட் சேர்த்துப் போடுங்க' என்று சொல்லிவிடுங்கள்.