ராஜா இட்ட முட்டை!

2023-ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொழுது நன்றாக விடியவில்லை. என் தமக்கை வீட்டிலிருந்து போன் வந்தது. பேசியவள் தமக்கையின் மகள். வயது ஒன்பது.

"மாமா! ராஜாவுக்கு என்னமோ ஆயிட்டுது. கூண்டுத் தரையிலே பந்து மாதிரி உட்கார்ந்திருக்கான். கண்ணைத் திறக்க மாட்டேங்கிறான். உடனே வாங்க!"

ராஜா யார் தெரியுமா? அதற்கு முந்தைய தீபாவளிக்கு நான் வாங்கிக் கொடுத்த பச்சை நிற லவ் பேர்ட்ஸ். "ஆண்தான் சார், நீல மூக்கைப் பாருங்க!" என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். நானும் நம்பினேன். கூண்டில் தொங்கவிடும் கடல் நுரையை எடுத்துக் காட்டி, "இதுவும் வேணுமா?" என்று கேட்டார். "அது முட்டை ஓடு கெட்டியாவதற்குத்தானே? ஆண் குருவிக்கு எதற்கு?" என்று சொல்லிவிட்டு வந்த மேதாவி நான்தான்!

கூண்டோடு கால்நடை டாக்டரிடம் ஓடினோம். அந்த அம்மையார் ராஜாவை ஒரு துணியில் பொதிந்து எடுத்தார். வயிற்றை மெதுவாகத் தடவிப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ராஜா என்று யார் பெயர் வைத்தது? இது பெண். முட்டை உள்ளே சிக்கிக்கொண்டிருக்கிறது."

"ஜோடியே இல்லையே, டாக்டர்!"

"கோழி சேவல் இல்லாமல் முட்டை இடுவதில்லையா? அதைப் போலத்தான் இதுவும். குஞ்சு வராது, ஆனால் முட்டை வரும்."

முட்டை சிக்கிய குருவி ஓரிரு நாளிலேயே இறந்துவிடக்கூடும் என்றார் அவர். சுண்ணாம்புச் சத்துக்கு ஊசி போட்டு, கதகதப்பான பெட்டியில் வைத்தார். "நீங்களாக வயிற்றை அழுத்தி முட்டையை எடுக்கப் பார்க்காதீர்கள். உள்ளே உடைந்தால் குருவி பிழைக்காது" என்றும் எச்சரித்தார். குழந்தை பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் வெளியே வந்து நின்றேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

மூக்கு சொல்லும் சேதி

கடைக்காரர் பொய் சொன்னாரா? இல்லை. மூக்கைப் பார்த்துச் சொல்வது சரியான முறைதான். ஆனால், எந்த வயதில் பார்ப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

இந்தக் குருவியின் அலகுக்கு மேலே ஒரு சிறிய சதைத் திட்டு உண்டு. மூக்குத் துளைகள் இரண்டும் அதில்தான் இருக்கின்றன. வளர்ப்பவர்கள் அதையே 'மூக்கு' என்பார்கள். வளர்ந்த ஆணுக்கு அது பளிச்சென்ற நீலம். வளர்ந்த பெண்ணுக்கு வெளிறிய வெண்மை அல்லது பழுப்பு. முட்டை இடும் பருவம் வந்துவிட்டால் நல்ல பழுப்பாகி, தடித்துச் சொரசொரப்பாகிவிடும்.

குஞ்சுப் பருவத்திலோ கதை தலைகீழ்! ஆண் குஞ்சின் மூக்கு இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்து, முழுவதும் ஒரே நிறமாக இருக்கும். வெளிர் நீலமாக இருப்பது பெண் குஞ்சின் மூக்குதான். உற்றுப் பார்த்தால் மூக்குத் துளைகளைச் சுற்றி வெள்ளை வளையம் தெரியும். நாங்கள் நீலத்தைப் பார்த்தோம்; வளையத்தைப் பார்க்கவில்லை.

சரி, குஞ்சு என்று எப்படித் தெரிந்துகொள்வது? நெற்றியைப் பாருங்கள். குஞ்சுகளுக்குக் கறுப்புக் கோடுகள் மூக்கு வரையில் இறங்கி வரும். மூன்று, நான்கு மாதத்தில் முதல் இறகு உதிர்ந்து முளைத்ததும் நெற்றி சுத்தமாகிவிடும். அதற்குப் பிறகு பார்த்தால் ஏமாற்றம் குறைவு.

மஞ்சள், வெள்ளைக் குருவிகள் விஷயத்தில் மட்டும் இன்னொரு தொல்லை. சிவப்புக் கண் உள்ள மஞ்சள், வெள்ளை ஆண்களுக்கு மூக்கு கடைசி வரையில் நீலமாவதே இல்லை. குஞ்சில் இருந்த ஊதா கலந்த இளஞ்சிவப்பே நிலைத்துவிடும். நீலத்தைக் காணோமே என்று அதைப் பெண்ணாக நினைத்து, இரண்டு ஆண்களுக்கு மண் கலயம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் எத்தனையோ பேர்! அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று தினை ஊட்டிக்கொண்டு, கொஞ்சிக்கொண்டுதான் இருக்கும். சிநேகிதம் வேறு, தாம்பத்தியம் வேறு அல்லவா?

இதே சிவப்புக் கண் மஞ்சள் நிறம் ஓர் இடத்தில் நமக்கு உதவியும் செய்கிறது. மனிதரில் தந்தையின் அணு பிள்ளை ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்கிறது. பறவைகளில் தாயின் அணு. அதனால், சிவப்புக் கண் மஞ்சள் ஆணை அசல் பச்சைப் பெண்ணோடு சேர்த்தால், பிறக்கும் பச்சைக் குஞ்சுகள் எல்லாம் ஆண். மஞ்சள் குஞ்சுகள் எல்லாம் பெண்! கலயத்துக்குள்ளேயே தெரிந்துவிடும். ஜோடியைத் திருப்பிப் போட்டால் இந்தக் கணக்குப் பலிக்காது.

பேச்சையும் கடியையும் வைத்துச் சொல்கிறவர்களும் உண்டு. பேசக் கற்றுக்கொள்வதில் ஆண்தான் கெட்டி. 1958-இல் பி.பி.சி. நடத்திய பேசும் குருவிப் போட்டியில் வென்று, இங்கிலாந்தையே வாய் பிளக்க வைத்த ஸ்பார்க்கி வில்லியம்ஸும் ஆண்தான். பெண்ணோ விரலைக் கடித்தால் விடாது. இதெல்லாம் பொதுவான பேச்சு. வாயே திறக்காத ஆணும் உண்டு, சாதுவான பெண்ணும் உண்டு. இப்போது ஓர் இறகை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் அணுவைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள்.

ஒரே பழுப்பு, இரண்டு அர்த்தம்

ஆணா பெண்ணா என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று நானும் நினைத்தவன்தான். அன்றைக்கு டாக்டர் சொன்னதைக் கேட்ட பிறகு அப்படி நினைக்கவில்லை.

பெண்ணின் மூக்கு பழுத்தால், "முட்டைக்குத் தயாராகிவிட்டேன்" என்று அர்த்தம். பயமில்லை. ஆனால், வளர்ந்த ஆணின் நீல மூக்கு மங்கிப் பழுப்பேறினால் அது ஆபத்தின் அறிகுறி. உடலுக்குள்ளே விதையில் கட்டி வளர்ந்து, பெண்மைச் சுரப்பு பெருகியிருக்கக் கூடும். லவ் பேர்ட்ஸுக்கு இந்த நோய் சகஜம். கட்டி நரம்பை அழுத்தினால் கால் நொண்டும். வீட்டாரோ, "அடடே, இது பெண்ணா! முட்டை இடப்போகிறது!" என்று கலயம் கட்டிக் கொண்டாடிக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் வீட்டில் நடந்தது அதற்கு நேர் எதிர். "ராஜா மூக்கிலே அழுக்கு" என்று சொல்லிக் குழந்தை ஒரு மாதமாக ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாளாம்! அது அழுக்கல்ல, அறிவிப்பு. எங்களுக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

பெயரே தப்பு என்கிறார்கள், அது வேறு. லவ் பேர்ட் என்று உலகம் சொல்வது ஆப்பிரிக்காவின் குட்டைவால் கிளியை. நம் ஊர்க் கூண்டுகளில் இருப்பது ஆஸ்திரேலியா நாட்டின் பட்ஜரிகர். பறவை ஆய்வாளர் ஜான் கூல்டு 1840-இல் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து உலகெங்கும் பரவிவிட்டது. நம் நாட்டுப் பச்சைக் கிளியைக் கூண்டில் அடைப்பது சட்டப்படி குற்றம். இதற்கு அந்தத் தடை இல்லை. அதனால்தான் வீட்டுக்கு வீடு தொங்குகிறது.

பிற்பகல் மூன்று மணிக்குப் பெட்டியில் முட்டை கிடந்தது. சுண்டு விரல் நுனியளவுதான் இருக்கும்! ராஜா களைத்துப் போய் ஓரத்தில் நின்றிருந்தது. மாலையில் நாலைந்து தினையைக் கொத்தியது.

கடல் நுரை எப்போதும் கூண்டில் இருக்கட்டும், அது ஆணுக்கும் நல்லதுதான் என்றார் டாக்டர். கலயம் வேண்டாம். பகல் நீண்டால் முட்டை இடும் எண்ணம் வரும்; ஆகையால் பொழுது சாய்ந்ததும் கூண்டுக்குத் துணி போர்த்திவிட வேண்டும். குழந்தை எல்லாவற்றையும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில், "இனிமேல் ராணி என்று கூப்பிடலாமா?" என்று கேட்டேன்.

"போங்க மாமா! ராஜான்னு கூப்பிட்டாத்தான் அது திரும்பிப் பார்க்கும்" என்றாள்.