ஆஸ்லோவிலிருந்து பெர்கன் வரை: பனிமலை கடக்கும் இருப்புப்பாதை

நார்வேயின் தலைநகரான ஆஸ்லோவிலிருந்து மேற்குக் கடற்கரைத் துறைமுகமான பெர்கனுக்கு விமானம் ஒரு மணி நேரத்திற்குள் சென்றுவிடும். இரயிலுக்கு ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஆகும். ஆயினும், நேரம் இருக்கும் பயணிகள் பலர் இரயிலையே விரும்பித் தேர்ந்தெடுக்கின்றனர். காடு, ஏரி, மரமற்ற பனிமேடு, அருவி, கடல் என ஒரு நாட்டின் நிலவகைகள் அனைத்தையும் ஒரே பகலில் காட்டிவிடும் பாதை அது. சுமார் 500 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையின் வரலாறும் அதன் காட்சிகளைப் போலவே வியப்பளிப்பது.

ஒரு சிறிய நாட்டின் பெரிய முதலீடு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நார்வே வளம் மிக்க நாடாக இருக்கவில்லை. 1900-இல் அதன் மக்கள்தொகை சுமார் 22 லட்சம் மட்டுமே. நாட்டின் இரு பெரும் நகரங்களுக்கு நடுவே உயர்ந்த மலைத்தொடர் குறுக்கிட்டது. கடற்கரையைச் சுற்றிக் கப்பலில் செல்வதே வழக்கமாக இருந்தது. 1883-இல் பெர்கனிலிருந்து வோஸ் வரை இருப்புப்பாதை அமைந்தது. அதனை மலைக்கு மேல் கொண்டுசெல்லும் திட்டத்திற்கு 1894-இல் நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது. பாதை முழுவதற்கும் ஆன செலவு, அரசின் ஓராண்டு வரவு செலவுத் திட்டத்திற்கு ஏறத்தாழ இணையானது என்பர். எதிர்ப்பும் ஐயமும் எழுந்ததில் வியப்பில்லை.

வேலையும் எளிதாக இல்லை. மலையுச்சியில் ஊரும் இல்லை, சாலையும் இல்லை. எனவே, தளவாடங்களைக் கொண்டுசெல்வதற்காக முதலில் ஒரு சாலையையே அமைக்க வேண்டியிருந்தது. ஐந்து கிலோமீட்டருக்கும் அதிக நீளமுடைய கிராவ்ஹால்ஸ் சுரங்கப்பாதை கடினப் பாறையைக் குடைந்து உருவாக்கப்பட்டது. பாதை முடிந்த பின்னரும் பனியை வெல்ல வேண்டியிருந்தது. அதற்காகப் பனி அகற்றும் எந்திரங்களும், தண்டவாளத்தின் மேல் மரக்கூரைகளும் தேவைப்பட்டன. 1909 நவம்பர் 27 அன்று அரசர் ஏழாம் ஹாகோன் இப்பாதையைத் திறந்து வைத்தார். நார்வே தனி நாடாகி அப்போது நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஐயத்துடன் இடப்பட்ட அந்த முதலீடு, நூறாண்டுகளுக்கு மேலாகப் பயன் தந்துகொண்டிருக்கிறது.

பயணத்தின் காட்சிகள்

ஆஸ்லோவை விட்டுப் புறப்படும் இரயில், முதலில் வயல்களையும் ஊசியிலைக் காடுகளையும் கடந்து மெல்ல மேலேறுகிறது. பனிச்சறுக்குக்குப் பெயர்பெற்ற யெய்லோவைத் தாண்டியதும் மரங்கள் குறைந்து, பின்னர் அறவே மறைகின்றன. ஹார்டாங்கர்விட்டா என்னும் பரந்த மேட்டுநிலத்தின் விளிம்பு அது.

கடல்மட்டத்திலிருந்து 1,222 மீட்டர் உயரத்திலுள்ள ஃபின்சே, இப்பாதையின் மிக உயர்ந்த நிலையம். பொதுச் சாலை எதுவும் இவ்வூரை எட்டுவதில்லை. இரயிலே இதன் உயிர்நாடி. தென்துருவப் பயணத்திற்கு முன் 1910-இல் இராபர்ட் ஸ்காட் தம் எந்திரச் சறுக்குவண்டியை இங்கேதான் சோதித்துப் பார்த்தார். ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையின் இரண்டாம் படத்தில் வரும் பனிக்கோளின் காட்சிகளும் 1979-இல் இதன் அருகிலுள்ள பனியாற்றில் படமாக்கப்பட்டன. 1993-இல் திறக்கப்பட்ட பத்துக் கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை, பனியால் அடிக்கடி தடைப்பட்ட பகுதியை விலக்கிச் செல்கிறது. அன்று தளவாடம் சுமந்த சாலையில் இன்று கோடைதோறும் மிதிவண்டிப் பயணிகள் செல்கின்றனர்.

மிர்தால் நிலையத்தில் இறங்கினால் ஃபிளோம் கிளைப்பாதையில் செல்லலாம். 20 கிலோமீட்டர் தொலைவிற்குள் 860 மீட்டருக்கும் மேல் கீழிறங்கி, கடற்கழியின் கரையை அடைகிறது அந்த இரயில். 18 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்னும் அளவிற்குச் சரிவு இருந்தும், பற்சக்கரத் தண்டவாளம் இன்றியே அது இயங்குகிறது. வழியில் ஷோஸ்ஃபோசென் அருவியருகே நின்று, பயணிகள் இறங்கிக் காண வாய்ப்பளிக்கிறது.

பெர்கன் நகரம்

முதன்மைப் பாதை வோஸ் வழியாக இறங்கிப் பெர்கனின் கல் கட்டட நிலையத்தில் முடிகிறது. துறைமுகத்தை ஒட்டி வண்ண மரவீடுகள் நிற்கும் பிரிகன் பகுதி, 1979 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாகத் திகழ்கிறது. செர்மானிய வணிகர்கள் பதினான்காம் நூற்றாண்டில் இங்குப் பண்டசாலை அமைத்து, உலர்மீனை வாங்கித் தானியத்தை விற்றனர். 1702-இன் பெருந்தீக்குப் பின் பழைய அமைப்பு மாறாமல் மீண்டும் கட்டப்பட்டவையே இன்றைய வீடுகளில் பல. 1918 முதல் இயங்கும் இழுவை இரயிலில் ஃப்ளோயன் குன்றின் மீதேறினால், நகர் முழுவதும் கண்ணில் படும். ஆண்டில் பாதிக்கும் மேற்பட்ட நாள்களில் மழை பெய்யும் ஊர் என்பதால், மழைச்சட்டை கையிலிருப்பது நலம்.

புறப்படுமுன் கவனிக்க

• நார்வே ஷெங்கன் பகுதியைச் சேர்ந்தது. விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும், வங்கிக் கணக்கு விவர அறிக்கையும் வேண்டும்.

• அங்குச் செலாவணி யூரோ அன்று, நார்வே குரோன். பயண அட்டையில் குரோன் ஏற்றும் வசதி உண்டா எனக் கேட்டறியுங்கள். இல்லையெனில், நாணய மாற்றுக் கட்டணம் எவ்வளவு என்பதையும் கேளுங்கள்.

• சிறு கடைகளிலும் அட்டையே பெரிதும் வழங்குகிறது. இந்தியாவில் வழங்கப்படும் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வாடிக்கையாளரே இயக்கி வைக்க வேண்டும். செலவு வரம்பையும் அப்போதே குறித்துவிடுவது பாதுகாப்பானது.

• கட்டணம் செலுத்தும் கருவி ‘ரூபாயிலா, குரோனிலா’ எனக் கேட்டால், குரோனைத் தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தேர்ந்தால், மாற்று விகிதத்தைக் கடைக்காரர் தரப்பே நிர்ணயிக்கும். அது பெரும்பாலும் உங்களுக்குப் பாதகமாகவே அமையும்.

• இரயில் கட்டணம் நாள் நெருங்க நெருங்க உயரும். முன்கூட்டியே பதிவு செய்வோர் கணிசமாகச் சேமிக்கலாம். பகல் வண்டியையே தேர்ந்தெடுங்கள். குளிர்காலத்தில் பகற்பொழுது குறுகியது என்பதால், காலையில் புறப்படும் வண்டியே காட்சிகளுக்கு ஏற்றது.